உள்ளே ஆள்

சலவை ஆலையின் ட்ரையர் வரிசை நின்றுபோனது குறித்த புகாரில், சாட்சி தானாக நிலையத்துக்கு வந்து சொன்னது. சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயரும் கணவர் பெயரும் முதல் தாளில் இருக்கின்றன. வயது முப்பத்தொன்று. பழைய இரும்புக் கடைக்கு மேலே, வெளிப்படிக்கட்டு ஏறிப் போகும் இரண்டு அறைகளில், கணவர், மகள், கணவரின் தங்கை ஆகியோருடன் குடியிருக்கிறேன். ஆலையில் என்னைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். உயரம் குறைவு என்பதால் வந்த பெயர். புகாரிலும் "பொடிசு என்கிற பெண் தொழிலாளி" என்றுதான் எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்புகளும் அறுவை அறைத் துணிகளும், ஓட்டல்களிலிருந்து துண்டுகளும் வருகின்றன. துவைத்துப் பிழிந்த துணி ஈரக் கட்டியாக எங்கள் பிரிவுக்கு வரும். அதை ட்ரையரில் போட்டுக் காயவைத்து மடிப்புப் பிரிவுக்கு அனுப்புவது எங்கள் வேலை. ட்ரையர் என்றால் வீட்டில் வைத்துக்கொள்வது போன்றது அல்ல. அதன் டிரம்முக்குள் நான் நிமிர்ந்து நிற்கலாம். மற்றவர்கள் குனிய வேண்டும். அதனால்தான் உள்ளே சிக்கிய துணியை எடுக்க எப்போதும் என்னை அனுப்புகிறார்கள்.

நீளமான விரிப்புகள் சுற்றும்போது ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகி, டிரம்முக்குள் இருக்கும் தகட்டில் மாட்டிக்கொள்ளும். வெளியே நின்று இழுத்தால் வராது. ஒருவர் உள்ளே ஏறிப் பிரிக்க வேண்டும். ஏறுகிறவர் முதலில் விளிம்பைக் கையால் இரண்டு தட்டு தட்டி, "உள்ளே ஆள்!" என்று சத்தம் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். இதை எந்த அதிகாரியும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கக்கூஸ் கதவைத் தட்டினால் உள்ளிருந்து சொல்வோமே, அதே பேச்சுதான் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்திருக்கும்போது ட்ரையர் ஓடாமல் இருக்க, கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. எங்கள் வரிசையில் அந்தச் சுவிட்சுகள் தேய்ந்துபோய், கதவு மூடியிருக்கும்போதே மெஷினை நிறுத்த ஆரம்பித்தன. அதனால் வேலை தாமதமாகிறது என்று ஷிப்ட் சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டச் சொன்னார். அதன்பின் கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மெஷினுக்கு ஒன்றுதான். புதுச் சுவிட்ச் வாங்கவில்லை. சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்வார். அவருக்கு இந்தப் பெயர் தெரியாது. இப்போது தெரிந்தால் தெரியட்டும்.

அதன்பின் மேனேஜர் சார், எந்த மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதை மாடியில் தன் அறையில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்று, ஒவ்வொரு ட்ரையரிலும் ஒரு எலக்ட்ரானிக் போர்டு மாட்ட ஏற்பாடு செய்தார். மெஷின் சும்மா நிற்கிறது என்றால் நாங்கள் சும்மா நிற்கிறோம் என்று அர்த்தம். போர்டை மாட்ட வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். நீங்கள் பின்பக்க அறையில் உட்கார வைத்திருப்பவர் அவர்தான். என்னைவிட இளையவர், அதனால் தம்பி என்று கூப்பிடுவேன். முதல் நாள் அவர் ஏணியில் ஏறிக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது, மடிப்புப் பிரிவில் வேலை செய்யும் என் நாத்தனார் கீழே நின்று, "வந்துட்டாருய்யா கோள்மூட்டி. இனிமே நாம தும்முனாகூட மாடிக்குக் கேக்கும்" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலே, "தும்மல் கேக்காதுக்கா. கொட்டாவி மட்டும்தான் கேக்கும்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் அந்தப் போர்டுக்குக் கோள்மூட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போர்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்கள். அவர் சொன்னதுதான் தெரியும். போர்டு உள்ளங்கை அளவு. அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சிப் இருக்கிறது. டீ நேரத்தில் அவர் தரையில் உட்கார்ந்து கேபிள் முனைகளை அமுக்கிக்கொண்டிருந்தபோது நான், "இத்தனூண்டு சாமானுக்கா இவ்ளோ கேபிளு?" என்று கேட்டேன்.

"இது கம்மிக்கா. முன்னெல்லாம் யோசிக்க ஒரு சிப்பு, கேபிள்ல பேச இன்னொரு சிப்பு, ரெண்டுக்கும் தீனி போட ஒரு பெட்டின்னு மாட்டணும். இவனுக்கு மூளையும் வாயும் ஒரே ஒடம்புல இருக்கு. நெட்வொர்க் கேபிளை நேரா சொருகிட்டாப் போதும்."

"வாய் இருக்கறவன் நெறையத் திம்பானே?"

"அதான் இல்ல, எறும்புத் தீனி. கரண்ட் போச்சுன்னா பேச்சை நிறுத்திட்டு, ஒரு கண்ணை மட்டும் தொறந்து வச்சுக்கிட்டுப் படுத்திருப்பான். ஒரு பொத்தான் பேட்டரி இருந்தா மாசக்கணக்குல அப்படியே கெடப்பான். கரண்ட் வந்ததும் மொத வேலையா, பாத்ததைச் சொல்லிடுவான்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி. தூங்குறாருன்னு நம்பி எதையும் பேச முடியாது" என்று சொன்னேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் நான் விளிம்பைத் தட்டி, "உள்ளே ஆள்" சொல்லி ஏறி, கயிற்றைப் பிரித்துக்கொண்டு இறங்கியபோது, அவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு கதவருகில் நின்று சுவிட்சில் கட்டியிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். "நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே" என்றேன். அப்படியே படியேறி மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். கதவுச் சுவிட்சைச் சரிசெய்யாமல் ஓட்டக்கூடாது என்று தான் சொன்னதாகவும், "உன்னைக் கூப்பிட்டது போர்டு மாட்ட. கதவைப் பாக்க ஆள் இருக்கு" என்று மேனேஜர் சார் பதில் சொன்னதாகவும் என்னிடம் கூறினார். இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் நேரில் கேட்கவில்லை.

அதன்பின் அவர் செய்ததைத்தான் புகாரில் சதி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிப்புக்குச் சுற்றிலும் பூரானுக்கு இருப்பது போலக் கால்கள். அவற்றில் சில சும்மா இருக்கின்றன என்று சொல்லி, ஒரு காலிலிருந்து ஒயர் இழுத்துக் கதவில் ஒரு காந்தச் சுவிட்ச் வைத்தார். இன்னொரு காலிலிருந்து ஒயர் இழுத்து மெஷினுக்கு வெளியே ஒரு பச்சைப் பொத்தான் வைத்தார். கதவைத் திறந்தால், கரண்ட் இல்லாத நேரமானாலும், சிப் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். திறந்தவர் வெளியே நின்று பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை, கதவு மூடியிருந்தாலும் நம்பாது. அமுக்காமல் மெஷின் ஓடப் பார்த்தால் நிறுத்திவிடும். அந்தந்த மெஷினின் நிறுத்தும் ஒயர் முன்பே கட்டிப்போடப்பட்டிருந்ததால், வரிசை முழுவதற்கும் பொதுவான பெரிய சுவிட்சைத்தான் பிடித்து நிறுத்த முடிந்தது. நிறுத்திவிட்டுக் கூவும், கேபிள் வழியாக மாடிக்கும் ஒரு வார்த்தை அனுப்பும். "என்ன வார்த்தை போடலாம்கா?" என்று என்னிடம்தான் கேட்டார். "உள்ளே போறப்போ என்ன சொல்றோமோ அதையே போடு தம்பி" என்று நான்தான் சொன்னேன். எனவே அந்த வார்த்தைக்குப் பொறுப்பு நான்.

இதற்கு அவர் அனுமதி வாங்கினாரா என்று கேட்டால், வாங்கவில்லை. முதலில் போய்க் கேட்டார், கிடைக்கவில்லை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தார். மறந்தால் மொத்த வரிசையும் நின்றுவிடும் என்பதால் யாரும் மறக்கவில்லை. அவசரமும் பொத்தானைப் பார்த்தார். அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மெஷினில் புதிதாக ஒன்று முளைத்தால் அதைக் கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன்.

சம்பவம் நடந்த அன்று காலை ஷிப்ட். டீ நேரத்துக்குச் சற்று முன்பு கரண்ட் போய் வரிசை முழுதும் நின்றது. எல்லோரும் காற்று வாங்க வாசலுக்குப் போனார்கள். கடைசி ட்ரையரில் விரிப்புகள் முறுக்கிக்கொண்டதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரம் அந்தப் பக்கமாக வந்து, "கரண்ட் இல்லாதப்பவே அந்தக் கயித்தைப் பிரிச்சுடு பொடிசு. வந்ததும் ஓட்டணும். அவசரம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். சொன்னார். வேறு யாரும் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

அதன்பின் நான் கதவைத் திறந்து, விளிம்பை இரண்டு தட்டு தட்டி, "உள்ளே ஆள்!" என்று சத்தம் போட்டேன். பதில் வரவில்லை. பதில் வரும்வரை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வேலைக்காக உள்ளே சென்றேன். டிரம் அப்போதுதான் ஓடி நின்றிருந்ததால் தகடு சுட்டது. காய்ந்த பஞ்சின் தீய்ந்த வாடை இருந்தது. ஒரு விரிப்பைக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு, முறுக்கின் நுனியைத் தேடினேன்.

அந்த நேரத்தில் என் நாத்தனார் மடிப்புப் பிரிவிலிருந்து காலித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். வழியில் கதவு நீட்டிக்கொண்டிருந்ததால், எப்போதும் போல வண்டியாலேயே அதை ஒரு முட்டு முட்டித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கதவு சாத்திக் கொக்கி விழுந்தது. நான் கத்தினேன். டிரம்முக்குள் கத்தினால் சத்தம் நம் காதுக்குத்தான் திரும்பி வரும். டிரம்மில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. கதவுக் கண்ணாடியை முறுக்கு மறைத்திருந்ததால் வேறு ஒன்றும் தெரியவில்லை.

அதன்பின் ஜெனரேட்டர் போட்டார்கள். எங்கள் மெஷின்கள் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக அமுக்கும் நேரம் மிச்சம் என்று அப்படி வைத்தார்கள். ட்ரையர் ஓடும்போது முதலில் தனி லைனில் இருக்கும் ஊதுகாற்று வரும். அடுத்து பெல்ட் முனகும். அதன்பின் டிரம் திரும்பும். இந்த வரிசை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஊதுகாற்று வந்தது. சூடாக முகத்தில் அடித்தது. நான் முறுக்கிய விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுற்ற ஆரம்பித்தால் அதைப் பிடித்து ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தேதான் பிடித்தேன். மகளுக்கு அன்று காலை தலை பின்னிவிடாமல் வந்துவிட்டது ஞாபகம் வந்தது. பெல்ட் முனகவில்லை. வெளியே எங்கோ ஒரு பெரிய சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது. அதன்பின் போர்டு விட்டு விட்டுக் கூவும் சத்தம் கேட்டது. டிரம் திரும்பவில்லை.

மாடியில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேனேஜர் சாரின் திரையில் வரிசை முழுவதும் சிவப்பாகி, நடுவில் "உள்ளே ஆள்" என்று பெரிய எழுத்தில் வந்திருக்கிறது. அதைப் பார்த்த அவர், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் வெளியாட்கள் யாரோ புகுந்துவிட்டு, "எங்கள் ஆள் உள்ளே இருக்கிறான்" என்று மிரட்டுவதாக எடுத்துக்கொண்டார். அதைத்தான் புகாரில் மிரட்டல் வாசகம் என்று எழுதியிருக்கிறார். நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆலையில் மெஷினுக்குள் ஏறுகிற ஆட்கள் இருக்கிறோம், உள்ளே ஆள் என்றால் அது நாங்களாகவும் இருக்கலாம் என்பது அவர் புத்திக்கு வரவே இல்லை. முதலில் அவர் ஓடிப் பார்த்தது கம்ப்யூட்டர் அறையை.

அதன்பின் அவர் மைக்கைப் போட்டு, "எல்லாரும் அப்படியே நில்லுங்க! எதையும் தொடாதீங்க! உள்ளே ஆள்! ஸ்கிரீன்லயே போட்டிருக்கான், உள்ளே ஆள்! வாட்ச்மேன், கேட்டைச் சாத்து!" என்று கத்தினார். மைக் சத்தம் டிரம்முக்குள் எனக்கே கேட்டது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு, கையில் தடியோடு தெருவைப் பார்த்து நின்றாராம். ஆனால் ட்ரையர் பிரிவுக்காரர்களுக்கும் மடிப்புப் பிரிவுக்காரர்களுக்கும் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அதைக் கேட்டதும் வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும், "உள்ளே ஆள்! உள்ளே ஆள்!" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடிவந்து ஒவ்வொரு ட்ரையராகத் திறந்தார்கள். கடைசி ட்ரையரை என் நாத்தனார்தான் திறந்தாள். திறந்ததும் அவள், "அண்ணி" என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மேனேஜர் சார் மைக்கில் அந்த வார்த்தையை வாசிக்காமல் இருந்திருந்தால், இன்னும் கொஞ்ச நேரம் சூட்டிலேயே கிடந்திருப்பேன். அதற்காக அவருக்கும் நன்றி சொல்கிறேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தகட்டில் சுட்டுத் தோல் உரிந்திருந்தது. நாத்தனார் குழாயடியில் கையைக் காட்டச் சொல்லித் தண்ணீர் விட்டாள். மற்ற ட்ரையர்களைத் திறந்தவர்கள் அந்தந்தப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள்; கடைசி ட்ரையரின் பச்சைப் பொத்தானை இந்தக் கலவரத்தில் நான் அமுக்க மறந்துவிட்டேன். வரிசை நின்றபடியே இருந்தது. அதன்பின் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் சார், அவசரம், கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் மூவரும் இருந்தார்கள். என் கையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. யாரும் அது என்ன என்று கேட்கவில்லை. மேனேஜர் சார் போர்டுக்காரருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டு, "என்னய்யா பண்ணி வச்சிருக்கே? ஸ்கிரீன் பூரா உள்ளே ஆள், உள்ளே ஆள்னு வருது" என்றார்.

போர்டுக்காரர் உடனே, "ஆள் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார்.

மேனேஜர் சார் போனைக் கையால் மூடிக்கொண்டு அவசரத்திடம், "பாத்தியா, அவனே கேக்குறான், ஆள் வெளிய வந்தாச்சான்னு. கூட்டாளி உள்ள இருக்கான்" என்றார். போனில் மறுபடியும், "சார், மத்ததை அப்புறம் பேசலாம். ஆள் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார். குரல் உயர்ந்திருந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் போய், "வந்துட்டேன் தம்பி" என்றேன். அவர், "சரிக்கா. பொத்தானை அமுக்கிடுங்க" என்றார். நான் கீழே வந்து அமுக்கினேன். மெஷின்கள் ஓடின.

பொத்தான் எனக்குத் தெரிந்திருந்தது என்பதால் என்னையும் கூட்டாளி என்று புகாரில் சேர்த்திருக்கிறார்கள். வரிசை நின்றதால் ஆஸ்பத்திரிக்கு அறுவை அறைத் துணி தாமதமாகப் போனது, நோயாளிகளின் உயிரோடு விளையாடிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். துணி தாமதமானது உண்மை. தாமதமாகாமல் இருந்திருந்தால், நான் அதே ஆஸ்பத்திரி விரிப்பில் சுற்றப்பட்டு அதே ஆஸ்பத்திரிக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

மறுநாள் அவசரம் என் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நான் டிரம்முக்குள் போகவில்லை, கை வேறெங்கோ சுட்டுக்கொண்டது என்று சொல்லிவிட்டால் புகாரிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவதாகவும், இருவருக்கும் வேலை இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். போனேன் என்று சொன்னால், அனுமதியில்லாமல் டிரம்முக்குள் ஏறியது என் குற்றம் என்று வேலையை விட்டு நிறுத்துவார்களாம். என் கணவரும் வீட்டில் இருந்தார். நாத்தனார் இதைச் சொல்லிவிட்டு, "அண்ணி, நம்ம ரெண்டு பேர் சோறும் ஒரே கேட்டுக்குள்ள இருக்கு. அந்தத் தம்பி படிச்ச பையன். எங்கயாவது பொழச்சுக்கும்" என்றாள்.

"ஜெயிலுக்குள்ள என்னத்தைப் பொழைக்கும்?" என்று கணவர் கேட்டார்.

அவள் என்னிடம், "போனேன்னு சொன்னா, கதவை யாரு சாத்துனதுன்னு கேப்பாங்கல்ல?" என்றாள்.

"கேப்பாங்க. நீ சாத்துனேன்னு சொல்லுவேன். வண்டி தள்ளத்தான் உன்னை வச்சிருக்காங்க, நீ வண்டி தள்ளுனே. கதவுச் சுவிட்சைக் கட்டிப்போட்டது நீயா?"

"நான் உங்களைக் கொன்னிருப்பேன் அண்ணி."

"கொல்லலையே. கொல்ல விடாம ஒருத்தன் பண்ணியிருக்கான். அவனைத்தான் உள்ள வச்சிருக்காங்க."

நான் அவளைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் போர்டு காப்பாற்றியது இரண்டு பேரை. டிரம்முக்குள் இருந்த என்னை ஒரு பக்கம். வெளியே வண்டியோடு நின்ற அவளை இன்னொரு பக்கம். என் மகள் அத்தையோடுதான் ஒரே பாயில் தூங்குகிறாள். அன்று டிரம் சுற்றியிருந்தால் அந்த வீட்டில் அதன்பின் யார் யார் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நாத்தனார் என்னோடு வந்திருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் வாக்குமூலம் கொடுப்பாள். நான் சொல்லிக் கூட்டி வரவில்லை. படியிறங்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

போர்டுக்காரருக்கும் எனக்கும் வேறு தொடர்பு உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்த ஆலையில் எங்கள் கை எவ்வளவு வேகம் என்று பார்க்கக் கருவி வாங்கினார்கள். எங்கள் உயிருக்காக யாரும் ஒரு திருகாணி முறுக்கியதில்லை. எங்களை எண்ணுவதற்காக வந்த அதே கருவியில், சும்மா கிடந்த இரண்டு காலை எடுத்து, கேட்காமலே அவர் எனக்காக முறுக்கினார். மாடியில் போய்ச் சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் போயிருக்கலாம். போயிருந்தால் இன்று அவர் வீட்டில் இருப்பார், என் வீட்டில் என் படம் இருக்கும். இன்று இந்த நிலையத்துக்குள் நான் நுழைந்தபோது, அந்தக் கதவிடுக்கு வழியாக என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "கை ஆறிடுச்சாக்கா?" என்பதுதான். காவலர் அதட்டியதால் நான் பதில் சொல்லவில்லை. ஆறிக்கொண்டிருக்கிறது.

அவர் அனுமதி இல்லாமல் ஒயர் இழுத்தது குற்றம் என்றால், அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். கதவுச் சுவிட்சில் கட்டிய துண்டு ஒயர் இப்போதும் எல்லா ட்ரையரிலும் இருக்கிறது. போர்டுகளைக் கழற்றி உங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆகவே இன்று காலையும் யாரோ ஒருத்தி காவல் ஒன்றுமில்லாமல் உள்ளே ஏறியிருப்பாள். அவரை விடுவதோடு, அந்தப் போர்டுகளையும் இருந்த இடத்தில் மாட்டச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிரம்முக்குள் ஏறினேன் என்று எழுதினால் என் வேலை போகலாம் என்று நீங்கள் எச்சரித்தீர்கள். யோசித்துச் சொல்லும்படி டீ வாங்கிக் கொடுத்து நேரமும் கொடுத்தீர்கள். நன்றி. யோசித்துவிட்டேன். எழுதுங்கள்.

இதை எனக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும், "தவறுதலாக உள்ளே சென்றேன்" என்று எழுதப்பட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் வேண்டுகோளின்படி "தவறுதலாக" என்ற சொல் அடிக்கப்பட்டு, அதன் மேல் "வேலைக்காக" என்று எழுதப்பட்டது. அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன்.

(சாட்சியின் கையொப்பம்)

திருத்தம் ஒன்று. என் முன்னிலையில்.
(நிலைய எழுத்தர்)